கடலை விட்டு விலகிய புள்ளி

புள்ளி நகர்ந்துவிட்டது.

இராஜமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. போன் திரையில் அந்த நீலப் புள்ளி மணப்பாட்டுக் கடற்கரையை விட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடன்குடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டார். சாந்தகுமாரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். மகள் கிளம்பிய நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் நடப்பதே இல்லை, ஓட்டம்தான்.

புள்ளி என்பது மகள் வைஷ்ணவி. சென்னையில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாக, கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போகிறாள். நல்ல கரை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடப்பாள். திரும்பி வருவாள். மறுபடி கிளம்புவாள்.

அந்தக் கொஞ்ச தூரம்தான் டெல்லியில், துவாரகாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் பிராணனை வாங்கியது.

போன பிப்ரவரியில் இதே வீட்டில், பக்கத்து அறையில், அவள் உயிரை விடப் பார்த்தாள். கதவை உடைத்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்தாள். மெல்ல மெல்லத் தேறினாள். நவம்பர் புகையில் மூச்சு முட்டுகிறது, கடலைப் பார்த்தால் தேவலை என்று அவளே கேட்டாள். டாக்டர் அச்சா என்று தலையாட்டிவிட்டார். அவருக்கென்ன, அவர் பெற்ற பிள்ளையா?

கூட வருகிறேன் என்று சாந்தகுமாரி கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. வைஷ்ணவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். யாரும் போன் பண்ணக் கூடாது. மணி அடிக்கும்போதெல்லாம் நான் உயிரோடு இருக்கிறேனா என்று எண்ணிப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றாள். இருக்கும் இடம் மேப்பில் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டார். புள்ளி விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. விமான நிலையத்தில் ரேடார் திரையைப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவர். புள்ளி நகர்கிறதென்றால் உள்ளே இருப்பவர்கள் நலம் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். அந்தப் புள்ளிகளோடு, அதாவது விமானிகளோடு, தான் மைக்கில் ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

இன்று விடிந்ததிலிருந்து புள்ளி மணப்பாட்டுக் கரையில் அசையாமல் நின்றது. தண்ணீருக்கு வெகு அருகில்.

இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்று சாந்தகுமாரி அழுதாள். அவர் மசியவில்லை. வாக்கு கொடுத்தாயிற்று. நாம் மீறினால் அப்புறம் அந்தப் புள்ளியையும் அணைத்துவிடுவாள், என்ன செய்வாய் என்று அதட்டினார்.

இப்போது நகர்ந்துவிட்டது. அதுவும் கடலை விட்டு.

மெதுவாகப் போயிற்று. நிதானமாக ஓட்டுகிறாள், நல்லது என்றார். ஒரு கிராமத்தில் நின்றது. தெருவுக்குள் கொஞ்சம் நடந்தது. திரும்பி வந்து கிளம்பியது. அடுத்த ஊரிலும் அப்படியே. கடலே இல்லாத ஊர்கள். பெண்ணுக்கு மனுஷ முகங்களைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

சாந்தகுமாரி சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் பாயசம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஓடாமல், நடந்தே சமையலறைக்குப் போனாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவருக்குக் கை பரபரத்தது. இன்றைக்குக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடலாம். மனைவிக்குக் கேட்காமல் இருக்க பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உடனே எடுத்தார்கள். வேறு யாரோ ஒரு பெண்பிள்ளை.

மீன் விற்கிறவளாம். விடிகாலையில் மணப்பாட்டுக் கரையில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்ததாம். அதற்குள் இந்தப் போன் இருந்ததாம். சுற்றிலும் ஆள் இல்லை, மேலே ரோட்டில் ஒரு கார் மட்டும் நின்றது. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். போன் பூட்டியிருந்ததால் அவளால் யாரையும் அழைக்க முடியவில்லை. மீன் கெட்டுப்போகுமே என்று கூடையோடு அதையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்திருக்கிறாள்.

"யாராவது கூப்புடுவாங்கன்னு விடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. ஒருத்தரும் கூப்புடலியே."

உடன்குடி போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள். ஒரு விமானம் தாழப் பறந்து போகும் சத்தம் கேட்டது. புகையில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஏலக்காய் வாசனை. எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று சாந்தகுமாரி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

திரையைப் பார்த்தார். புள்ளி மறுபடி நகர ஆரம்பித்திருந்தது.

"உடன்குடிகிட்ட போய்ட்டா" என்றார்.