மாற்று பேட்டரி

உறைந்த ஆற்றுக்குள் பனிவண்டியோடு விழுந்தவனைத் தேடி, மீட்புக்காரர்கள் பனிக்கட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அலாஸ்காக் குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அது செத்தால் செய்தியும் செத்தது. அதனால் டிவி கேமராமேன் இன்னாசி, மாற்று பேட்டரியைக் கோட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டியே வைத்திருப்பான். பக்கத்தில், விழுந்தவனின் மனைவி மார்த்தா கையுறைகூட இல்லாமல் நின்றாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மனசு கேட்காமல் அவன் பேட்டரியை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"பிடிச்சுக்கோங்கக்கா, சூடா இருக்கும்."

அவள் அதை இரண்டு கைகளாலும் பொத்திக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அவரு கை இப்படித்தான் இருக்கும்," என்றாள்.

அப்போது ஆற்றிலிருந்து கூச்சல் எழுந்தது. தண்ணீருக்குள் விட்டுத் துழாவிய கொக்கியில் என்னவோ மாட்டிவிட்டது. இன்னாசி கேமராவைத் தோளில் ஏற்றினான். திரை மினுங்கி இருண்டது. யோசிப்பதற்குள் அவன் கை அவளை நோக்கி நீண்டுவிட்டது.

மார்த்தா ஆற்றின் பக்கம் திரும்பவில்லை. நீண்டிருந்த அந்தக் கையையே பார்த்தபடி, பேட்டரியைத் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. இன்னும் சூடு ஆறல."