மாமனார் தந்த உத்தரவாதம்

ஹாரன் சத்தம் கேட்டதுமே டிக்சன் வாசலுக்கு ஓடினான். வேலையை விட்டுவிட்டு அவன் வாடகைக்குத் தயார் செய்த கேரவன் வேனுக்கு முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார்!

காயல்பட்டினத்து டாக்டர் நூர்ஜஹான் வேனுக்குள் ஏறியதும் படுக்கையையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. நேரே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார்.

“கைப்பிள்ளையோட போறோம். இந்த டேங்க் தண்ணியக் குடிக்கலாமா?”

“மூணு ஃபில்டர் போட்டிருக்கேன், மேடம். ஆஸ்பத்திரித் தண்ணியே இதுகிட்டப் பிச்சை வாங்கணும்!”

“எங்க ஆஸ்பத்திரித் தண்ணிய நானே குடிக்க மாட்டேன்.”

டம்ளரை வைத்துவிட்டு அவர் கிளம்பத் திரும்பியபோது, டிக்சனின் மாமனார் கிருபாநிதி உள்ளே ஏறினார். ‘மாப்பிள்ள டேங்குத் தண்ணி புழுத்துப் போவும்’ என்று நாசரேத்து ஊர் முழுக்க இலவச விளம்பரம் செய்த புண்ணியவான் அவர்தான்.

இன்றோ அவர் அந்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

“தைரியமாக் குடிங்கம்மா. நான் பொறுப்பு.”

ஃபில்டரின் மகிமை ஒருவழியாக மாமனாருக்கும் புரிந்துவிட்டதென்று டிக்சன் பூரித்தான். டாக்டரும் வேறொரு டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

“எதை வச்சு இவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்க, அண்ணாச்சி?”

“காலையிலதான் எங்க கிணத்து மீன்குஞ்சு நாலைப் பிடிச்சு டேங்குக்குள்ள விட்டேன். இனி ஒரு புழுவை மிச்சம் வைக்குமா அதுக?”