பன்னிரண்டாம் நாள் வகுப்பு

“முட்டி ரெண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்துது ஐயா. உங்களுக்குக் கேக்குதா?”

“எனக்குக் காது கேக்குறதே பெரிசு. இதுல உன் முட்டியை வேற கேக்கணுமா?” என்றார் பக்கத்துப் பாயில் இருந்த தபால்காரர். வேலையை விட்டு இருபது வருஷம் ஆனாலும் அங்கே எல்லாருக்கும் அவர் தபால்காரர்தான். “உன் வயசுல நான் மூணு மாடியையும் தாவித் தாவி ஏறுவேன்மா.”

“நீங்க தூக்குனது லெட்டரு. நான் தூக்குறது பெட்டி. காகிதம் தூக்குனா முட்டி தேயுமா?”

ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தொந்தி வைத்த லாரி டிரைவர் குனிந்து கால் விரலைத் தேடிக்கொண்டிருந்தார்.

முட்டி வலிக்காரியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். இன்று டீச்சர் கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் வீடு.

கிடங்கில் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். குனிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள். காதோரம் நரை வேறு. அப்பா போன மறுவாரம், பதினைந்து வயதில், தம்பிகள் இருவரையும் ஆளாக்கப் பெட்டி தூக்க வந்தவள். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வரும். சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாயங்காலம் திரும்பவும் ஏற்ற வர வேண்டும். நடுவில் கண்ணை மூடினால் அதுதான் தூக்கம்.

போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. ‘இனி கனம் தூக்கக் கூடாது’ என்று டாக்டர் எழுதிய சீட்டைச் சூப்பர்வைசர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தச் சீட்டு ஊரெல்லாம் கெடைக்கும். பின்னாடித் தெரு ஹால்ல மெதுவா உடம்பை அசைக்கிற வகுப்பு ஒண்ணு நடக்குது. எந்த வயசுக்காரங்களும் போகலாமாம். பன்னெண்டு நாள் முழுசாப் போயிட்டு, டீச்சர் கையெழுத்தோட இந்த ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணிக் கொண்டா. உக்காந்து லேபிள் ஒட்டுற வேலை தரேன். இல்லைன்னா இந்தப் பக்கமே வராதே.”

பெட்டி தூக்குகிறவளுக்கு உடற்பயிற்சியா? மீனுக்கு நீச்சல் சொல்லித் தருகிற கதைதான் என்று முதல் நாள் வந்தாள். தரையில் விரித்த பாயில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தபால்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்று அவளுக்கு மானம் போனது.

“கையை மெதுவா மேலே கொண்டு போங்க. அவசரமே இல்லை. தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி” என்றார் டீச்சர்.

ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. வெயில் பலகைத் தரையில் ஒரு துண்டாய் விழுந்து, அதுவும் மூச்சு விடுவதுபோல அசைந்தது. இருபது கைகள் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. இன்றைக்குத் தூங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை கையை இறக்கும்போது எதுவோ கழன்றது.

கிடங்கு தெரிந்தது. பெட்டிகள் தாமாகவே தரையை விட்டு எழும்பின. யாரும் தூக்கவில்லை. பஞ்சு மாதிரி மிதந்து, கதவு வழியே வரிசையாகப் போய் லாரியில் உட்கார்ந்துகொண்டன. அவள் நடுவில் கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பெட்டி நின்று, “நீ உக்காரு, நாங்க போய்க்கிறோம்” என்றது.

“வகுப்பு முடிஞ்சுபோச்சும்மா” என்று தபால்காரர் குனிந்து கையை நீட்டினார்.

பதறி எழுந்தாள். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் மேஜைக்கு ஓடினாள். தபால்காரரின் நீட்டிய கை அப்படியே நின்றது.

டீச்சர் ஃபாரத்தைப் படித்தார். “‘வகுப்பு முழுவதும் செய்தாரா’ன்னு கேட்டிருக்கே. பன்னெண்டு நாளும் பாதியில தூங்கிட்டீங்க.”

“வேணும்னு தூங்கலை டீச்சர். கன்னத்தைக் கிள்ளிக்கூடப் பார்த்துட்டேன். உங்க குரல் வந்தா உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

“பொய்யா எழுதச் சொல்றீங்களா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லேபிள் மேஜை கண்ணெதிரே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

“முத நாள் பாயிலேருந்து யார் கையைப் பிடிச்சு எந்திரிச்சீங்க?”

“தபால்கார ஐயா கையை.”

“இப்போ?”

அவள் திரும்பிப் பார்த்தாள். தபால்காரர் வெறுங்கையைக் காட்டிச் சிரித்தார். “என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா டீச்சர்.”

“மெதுவா செய்யிற வகுப்பும்மா இது. அவங்கவங்க உடம்பு கேக்குறதை அவங்கவங்க செய்யணும். உங்க உடம்பு தூக்கத்தைக் கேட்டுச்சு. நீங்க முழுசாத்தான் செஞ்சிருக்கீங்க.” டீச்சர் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குக் கண் கலங்கியது. “உக்காந்து செய்யிற வேலை டீச்சர். உக்காந்து.”

“சரி, சரி. வயசுங்கிற கட்டம் காலியா இருக்கு பாருங்க. அதை மட்டும் நீங்க போடுங்க.”

அவள் பேனாவை வாங்கினாள். காதோர நரையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, தடித்த விரல்களால் நிதானமாக எழுதினாள்: 23.

வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அந்த உடம்புக்கு எட்டு வருஷத் தூக்கம் இன்னும் பாக்கி.