நடுத்தெரு ஏச்சு

“சம்பளம் வாங்குதேல்லம்மா? அப்புறம் எதுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்க?”

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில், கணுக்காலளவுத் தண்ணீரில் நின்றபடி சட்டமன்ற உறுப்பினர் லோகநாயகி கத்தினார். எதிரே, உதவிப் பொறியாளர் சண்முகப்பிரியா தலைகுனிந்து நின்றாள். தெருவே கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“மேடம், நோட்டீஸ் குடுத்தாச்சு. கெடுவும் முடிஞ்சிட்டு...”

“முடிஞ்சிட்டுல்லா? அப்ப இடிக்க யாரு வரணும், நான் கடப்பாரையத் தூக்கிட்டு வரணுமா? சாயந்திரம் இந்தச் சுவர் இங்கன நின்னா, நீ இந்த ஊர்ல நிக்க மாட்டே.”

வாய்க்காலை மறித்து நின்ற அந்தச் சுவர் ஒரு தங்கும் விடுதியினுடையது. குற்றாலத்தில் மழை வலுத்தால் போதும். போக வழியற்ற தண்ணீர் வீடுகளுக்குள் ஏறிவிடும். விடுதிக்குச் சொந்தக்காரர் குமரகுரு, லோகநாயகியின் உடன்பிறந்த தம்பி. முன்பிருந்த பொறியாளர் நாகராஜன் அந்தச் சுவரில் இடிப்பதற்கான சிவப்புக் குறி போட்டதோடு சரி. அக்கா பேரைச் சொல்லியே அவரைத் தொலைவிலுள்ள திருவேங்கடத்துக்கு மாற்ற வைத்தார் குமரகுரு.

“சொந்தத் தம்பிட்ட சொல்லத் துப்பில்ல. அந்தப் புள்ளயப் போட்டு ஏசுதா,” என்றாள் முத்துசெல்வி, நனைந்த பாயைப் பிழிந்துகொண்டே.

“தேர்தல் வருதுல்லா. பேரு இவளுக்கு, பழி அவளுக்கு,” என்றார் டீக்கடை ரத்தினம்.

சாயந்திரம் சுவர் விழுந்தது. தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

குமரகுரு காரிலிருந்து குதித்து இறங்கினார். “யாரக் கேட்டு இடிச்ச?”

சண்முகப்பிரியா கைகூப்பினாள். “நான் என்ன சார் செய்ய? ஒங்க அக்காதான் நடுத்தெருவுல வச்சு அந்த ஏச்சு ஏசுனாங்க. வீடியோ பாக்கலியா?”

பார்த்திருந்தார். கார் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியது.

தென்காசியில், வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான் சண்முகப்பிரியாவின் கணவன் உமாசங்கர்.

“ஊர் பூரா அந்த வீடியோதான் ஓடுது. ஆபீஸ்ல ஒருத்தன் எனக்கே அனுப்புதான், ‘ஒங்க வீட்டம்மாவா?’ன்னு. நீ என்னடான்னா தோசை சுடுத.”

“சட்னி வைக்கவா?”

“கலெக்டர்ட்ட புகார் குடுக்கப் போறேன். ஓட்டு வாங்கிட்டா, அதிகாரிய என்ன வேணா பேசலாமா? அந்தம்மா ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

கைபேசி ஒலித்தது. சண்முகப்பிரியாவின் கையெல்லாம் மாவு. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி பிரியா, ரொம்ப ஏசிட்டேனோ?” லோகநாயகியின் குரல்.

“இல்லக்கா. நேத்து நாம பேசி வச்சதுல, ‘படிச்சவதான நீ’ங்கதை விட்டுட்டீங்க.”

“நீ மூஞ்சியத் தொங்கப் போட்டு நின்ன நிலையில எனக்கு மறந்தே போச்சு.”

உமாசங்கர் நடப்பதை நிறுத்தினான்.

“ஒங்க தம்பி அங்கன வந்தாராக்கா?”

“வந்தான். கோவம் பூரா இப்ப எம்மேலதான். ஒன்ன அவன் எங்கயும் மாத்த மாட்டான், நிம்மதியா இரு.”

“அக்கா, ஒங்களை என்ன சொன்னாரு?”



“அடுத்த மாசம் எம் மக கல்யாணத்துக்குத் தாய்மாமனா வந்து நிக்க மாட்டானாம். அது கிடக்கட்டும்... ஒன் வீட்டுக்காரரு அன்னைக்கு ஊர்லதான இருப்பாரு? மேடையில மாலை எடுத்துக் குடுக்க, மாமன்னு ஒரு ஆளு வேணும்லா.”