பூவாயி பிடி

முப்பத்தேழு ரூபாய் நாற்பது சதம். கோயில் பெட்டியில் கிடைத்த, தோட்டத்துக்குக் கூலி ஆள் கூட்டி வந்த பழைய கங்காணியின் பற்றுப் புத்தகத்தில், காத்தாயி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்த கடன் தொகை அது. காட்டை அழித்துத் தேயிலை நட வந்த தன் முதல் ஆத்தாவின் பேரைத் தேடத்தான் அவள் ஐம்பது வயதுக்கு மேல் எழுத்தே கற்றாள். பேர் தெரியாமலே அவள் வீட்டுப் பெண்கள் தினமும் முதல் பிடிக் கொழுந்தை மலையடிக் கல்லில் வைத்துக் கும்பிடுவார்கள்.

தொகைக்குப் பக்கத்தில் பேர் இருந்தது. ‘பூவாயி. கைக்குழந்தைக்காரி. வழியில் செத்த புருசன் கடனும் இவள் பேரில். கடனுக்குத் தினம் ஒரு பிடிக் கொழுந்து மலையடிக் கல்லில் வைக்க வேண்டியது.’

“அடி ஆத்தே! சாமிக்குன்னு நெனச்சுக் கங்காணிக்கா வச்சோம்?” மருமகள் செவந்தி சிரித்தாள். “வட்டியோட திருப்பிக் கேளுங்க அத்தை!”

காத்தாயி பக்கங்களைப் புரட்டினாள். பதினோரு வருடம் தள்ளி ஒரு வரி: ‘பூவாயி கடன் தீர்ந்தது.’ அதைப் பூவாயிக்கு யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை; அதனால்தான் அந்தப் பிடி இன்றுவரை நிற்கவில்லை. காத்தாயி அந்த வரியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை செவந்தி கல்லைத் தாண்டி நடந்தாள். “அதான் கடன் தீந்துருச்சே அத்தை.”

“தீத்தவளுக்கு யாருடி வைக்கிறது?”

காத்தாயி முதல் பிடியைக் கல்லில் வைத்தாள். குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள்.

“பூவாயி... ஒன் கடன் தீந்துருச்சு தாயி.”