கிளச்சில் இல்லாத சத்தம்

“கிளச்ச மிதிலே ஹமீது. சத்தம் நிக்குதான்னு பாப்போம்.”

ஹமீது மிதித்தான். கடகடவென்ற சத்தம் நிற்கவில்லை.

பின் சீட்டில் குருநாதன் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டார். ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான். இன்னொன்றும் அசையக் கூடாது என்று மதுரை டாக்டர் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார். காதுக்குக் கட்டுப் போடாமல் விட்டது டிரைவர் ஹமீதின் கெட்ட நேரம். கமுதித் தெருவில் எவர் கார் போனாலும், உள்ளே சாப்பிட்டுக்கொண்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மிளகாய் வியாபாரி அவர்.

“மிதிச்சா சத்தம் வருதுன்னா கிளச் பேரிங். மிதிச்சா நிக்குதுன்னா கியர்பாக்ஸ் முன்பக்கத்துப் பேரிங். இது ரெண்டுலயும் சேராம என்னலே சத்தம்?”

“ரோடு மோசம்யா.”

“ரோடு மோசம்னா தூக்கித் தூக்கிப் போடும். இது தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரில்ல இருக்கு.”

ஹமீது ஸ்டியரிங்கைச் சும்மா ஒருமுறை ஒடித்துவிட்டான். இந்தச் சத்தத்தின் காரணம் அய்யாவுக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே வேலை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. முகூர்த்தத்துக்குள் பாம்பன் போய்ச் சேராவிட்டால் உலகம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

உலகம்மாள் அய்யாவின் மகள், பாம்பனில் வாழ்க்கைப்பட்டவள். இன்று அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் சேதுராமன், புயல் வருஷத்தில் கடல் அடித்துக்கொண்டு போன ரயிலில் ஏறியவன், திரும்பவில்லை. ‘அண்ணன் மடி இல்லேன்னா அய்யா மடி. ரெண்டும் இல்லேன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்’ என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மகன் போனதிலிருந்து குருநாதன் ரயிலில் கால் வைப்பதில்லை. பாம்பன் பாலத்தின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பாம்பனுக்கோ ரோடு கிடையாது. அதனால் மண்டபம் வரை கார், அங்கிருந்து கடலில் தோணி என்று ஏற்பாடு. டாக்டர் கொடுத்த மாத்திரையில், ராமநாதபுரம் தாண்டியதும் அசந்து தூங்கியவர், இப்போதுதான் இந்தச் சத்தத்தில் விழித்திருந்தார்.

“மண்டபம் இன்னும் வரலியா?”

“இந்தா வந்துரும்யா.”

“நியூட்ரல்ல போடு.”

போட்டான். சத்தம் அப்படியே இருந்தது. வேகமும் குறையவில்லை.

“நியூட்ரல்ல எப்பிடிலே இம்புட்டுத் தூரம் ஓடுது?”

“இறக்கம்யா.”

ராமநாதபுரம் ஜில்லாவில் இறக்கம் என்று ஒன்று இருப்பதை ஹமீது அப்போதுதான் கண்டுபிடித்தான். வாலிநோக்கத்து உப்புப் பாத்தியைவிடச் சமமான பூமி. அய்யா மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“காத்து ரெண்டு பக்கமும் அடிக்குது.”

“கடல்காத்துய்யா. அதுக்குப் பக்கம் ஏது?”

“அதுஞ் சரிதான். ரெண்டாவது கியர் போடு.”

போட்டான்.

“மூணாவது.”

அதையும் போட்டான். சத்தம் எதற்கும் மசியவில்லை. திடீரென்று அது மாறியது. அடியில் பள்ளம் விழுந்ததுபோல ஓங்கி ஒலித்தது. முன் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அய்யாவின் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தான்.

“என்னலே, கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி கேக்குது?”

“டாப் கியர் போட்டேன்யா.”

“டாப்ல போட்டா கியர்பாக்ஸ் சத்தம் அடங்கணும்ல.” குருநாதன் அவசர அவசரமாகப் பேசினார். “அடங்கல. அப்ப கியர்பாக்ஸ் இல்ல. கிளச்சும் இல்ல. சக்கரத்துல இருக்கு.”

“ஆமாய்யா, சக்கரந்தான்.” வெகுநேரத்துக்குப் பிறகு ஓர் உண்மையைச் சொன்னதில் ஹமீதுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

“எதுக்கும் இன்னொருக்கா கிளச்ச மிதி. பேசிக்கிட்டே மிதி. என்ன கேக்குதுன்னு சொல்லு.”

“சத்தம் நிக்கலய்யா.”

“இன்னொருக்கா.”

ஹமீது மிதித்துக்கொண்டே இருந்தான். அய்யா கேட்டுக்கொண்டே இருந்தார். சீட்டைப் பிடித்த பிடியை மட்டும் அவர் விடவில்லை. கடைசியில் ஒரு பெரிய குலுக்கலோடு சத்தம் நின்றது.

வெளியே யாரோ, “பாம்பன்! கூட்ஸ் பெட்டியில இருக்க காரை இறக்குங்கப்பா!” என்று கத்தினார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஹமீது பின்கதவைத் திறந்து கைகட்டி நின்றான்.

“மன்னிச்சிருங்கய்யா. கச்சான் காத்து ஓங்கி அடிக்குதுன்னு தோணி எடுக்க மாட்டேன்னுட்டாக. நீங்க தூங்கையில காரோட உங்களக் கூட்ஸ் ரயில்ல ஏத்திப் பாலத்து வழியாவே கொண்டாந்துட்டேன். வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் போயிருறேன்.”

குருநாதன் இறங்குவதற்காக அவன் தோளைத் தடவிப் பிடித்தார்.

“எஞ்சினே ஓடாத கார்ல எவன்லே கிளச் பேரிங்கத் தேடுவான்?” என்றார். “நான் பேச்ச நிறுத்தியிருந்தா, என் மகன் கடைசியாக் கேட்ட சத்தம் மட்டுந்தானலே காதுல விழுந்திருக்கும்.”