அடுத்த வீட்டுக் குரோஷா

“கேட்டா நீ போட்டதுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே” என்றாள் காமாக்ஷி, சோபாவின் முதுகில் வெள்ளைக் குரோஷாப் பின்னல் விரிப்பை நீவிவிட்டபடி.

“இது ஆம்ப்ரோஸ் சார் ஆத்து மாமி போட்டதும்மா. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்” என்றாள் மகள் அனந்தலக்ஷ்மி.

“குடுத்துக்கலாம். அதுக்குள்ள அவா பார்த்துட்டுப் போயிடுவா.”

1962-ல் பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்டது குரோஷாதான். அனந்தலக்ஷ்மி வீட்டில் ஒரு கைக்குட்டை ஓரம்கூடப் பின்னியதில்லை. பழைய மெட்ராஸ் ரோடில் ஒரு கம்பெனிக்கு மூன்று வருடமாகப் போய்வருகிறாள். ‘ஆபீஸ் வேலை’ என்று தரகரிடம் சொல்லியிருந்தாள் காமாக்ஷி. என்ன ஆபீஸ் என்று தரகரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இதுவரை வந்த வரன்கள் எல்லாம் வேலையை விடச் சொன்னவை. மல்லேஸ்வரத்து வெங்கடசுப்ரமணியன் ஒருவன்தான், “அவளுக்குப் பிடிச்சிருந்தா போகட்டுமே” என்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அனந்தலக்ஷ்மிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மீதி அவன் அம்மா கையில் இருந்தது.

அந்த அம்மாள் டாக்ஸியில் வந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிள்ளையும் டிரைவரும் ஆளுக்கொரு கை கொடுத்து இறக்கினார்கள். அலர்மேல்மங்கைக்கு முழங்கால் வலி. நாக்குக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

“சோபா வேண்டாம். உள்ள போய்டுவேன். அப்பறம் என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். மர நாற்காலி இல்லையா?”

அப்பா வைத்தீஸ்வரன் நாற்காலி எடுக்க ஓடினார். அந்த சோபாவின் மேல் அவருக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

“சோபாலயே உட்காருங்கோ மாமி. கஷ்டமா இருக்காது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூப்பிடுவதற்கு முன்பே பெண் பேசிவிட்டாள். காமாக்ஷி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அலர்மேல்மங்கை அரை மனதாக சோபாவில் உட்கார்ந்தார். கேசரிபாத் வந்தது, காபி வந்தது, கடைசியில் பெண்ணும் வந்தாள்.

“பாட்டு?”

“வராது மாமி.”

“கோலம்?”

“சுமாரா போடுவேன்.”

“அம்மா, சும்னே கேட்டுண்டே இருக்காதே” என்றான் பிள்ளை, ஊர்க் கன்னடம் கலந்து.

அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரிப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“முடிச்சே தெரியலையே. நீ போட்டதா?”

அனந்தலக்ஷ்மி வெங்கடசுப்ரமணியனை ஒரு தரம் பார்த்தாள். ஒரு வார்த்தை, ‘ஆமாம்’ என்றால் போதும்.

“இல்ல மாமி. அடுத்தாத்து மாமி போட்டது. உங்களுக்குக் காட்டறதுக்காக இரவல் வாங்கினோம்.”

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இந்தப் பெண் ஒரு பொய்க்கே மக்கர் செய்தாள்.

“இரவல் குரோஷாவைக் காட்டி ஏமாத்தப் பார்த்தேளா?” அலர்மேல்மங்கைக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “கிளம்பு வெங்கிட்டு. டாக்ஸி நிக்கறது.”

விருட்டென்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார். வெங்கடசுப்ரமணியன் அசையவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“காது கேக்கலையாடா?”

“அம்மா, நீயா எழுந்துண்டே. யார் கையும் பிடிக்கல.”

அம்மாள் நின்றார். முழங்காலைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து எழுந்தார்.

“என்ன சோபா இது? அதுவா தூக்கி விடறதே. எந்தக் கடை?”

“பழைய ஸ்பிரிங் சோபாதான்” என்றார் வைத்தீஸ்வரன். “ஸ்பிரிங்கை எல்லாம் இவ பிடுங்கிப் போட்டுட்டு, அடியில ஏதோ பட்டை கட்டியிருக்கா. ஆறு மாசமா இந்தாத்துல சோபா கவுந்தேதான் கிடந்தது. ஒரு தரம் உட்கார்ந்தேன், தரைக்கே போய்ட்டேன். இன்னொரு தரம் பலகை மாதிரி இருந்தது. விடாம மாத்தி மாத்திக் கட்டினா. போன வாரம்தான் சரியாச்சு.”

குறை சொல்லத் தொடங்கியவர் பெருமையில் வந்து முடித்தார்.

அனந்தலக்ஷ்மி மெத்தையைத் தூக்கிக் காட்டினாள். மூன்று விரல் அகலப் பட்டைகள், பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

“நான் டைப் அடிக்கிறவ இல்ல மாமி. எங்களுது நாடா பாக்டரி. பட்டையை மெஷின் பின்றது. எப்படிப் பின்னணும்னு யோசிச்சு, வரைஞ்சு குடுக்கறது என் வேலை. உள்ள ரப்பர் நூல் ஓடும். அதைச் சுத்திப் போடற கண்ணி இறுகினா உட்கார முடியாது, தளர்ந்தா எழுந்திருக்க முடியாது. வலி இருக்கறவா தானா எழுந்திருக்கணும்னுதான் இத்தனை நாள் ஆச்சு.”

அலர்மேல்மங்கை மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பட்டையின் ஓரத்தை விரலால் நெருடி, கண்ணி கண்ணியாகப் பார்த்தார்.

“சங்கிலிப் பின்னல். இதுவும் குரோஷாதானே?”

“ஆமாம் மாமி.”

அம்மாள் நிமிர்ந்தார். வெள்ளை விரிப்பை அழகாக நான்காக மடித்துக் காமாக்ஷியின் கையில் வைத்தார்.

“இதை இனிமே வெச்சிருக்க வேண்டாம், இப்பவே திருப்பிக் குடுத்துடுங்கோ. நம்மாத்துப் பொண்ணு போட்டது மேலதான் நான் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கேன்.”